வறண்ட வட்டாரத்தில் சேற்று விளையாட்டு: இடம் தேடும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பள்ளி விடுமுறை வந்தால் குழுவாக வெளியே செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் குடும்ப தினம், ஆலய இளைஞர் பிரிவின் முகாம், அலுவலக நண்பர்களின் ஒன்றுகூடல் என எதுவாக இருந்தாலும், சேற்றில் பந்து விளையாடுவதும் கயிறு இழுப்பதும் தடை தாண்டி ஓடுவதும் அதில் இடம்பெறுகின்றன. உடல் அசைகிறது, கைப்பேசி ஓரமாகிறது, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இவை உடலுக்கும் மனத்துக்கும் நல்லவை.

கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கு மழை குறைவு. வெயிலும் கடுமை. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 பாகை செல்சியஸ், 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில்தான் பதிவானது. திடல்கள் வெடித்துக் கிடக்கும் அந்த நாட்களில், எங்காவது சேறு கிடைக்காதா என்று தேடுகிறோம். தேடிக் கண்டுபிடித்ததும் மகிழ்ச்சியோடு இறங்கிவிடுகிறோம்.

இறங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்கும்போது இந்த இடம் மட்டும் ஏன் காயவில்லை?

காயாத சேறு சொல்லும் செய்தி

மழைக்காலத்தில் சேறு எங்கும் இருக்கும். அதற்குக் காரணம் மழை. வறண்ட காலத்தில் சேறு இருந்தால், வேறு ஏதோ ஒன்று அந்த இடத்திற்கு நீர் தருகிறது என்று பொருள். அது கால்வாய்க் கசிவாக இருக்கலாம். வீட்டுக் கழிவுநீராக இருக்கலாம். மாடுகள் நீர் அருந்தும் குட்டையாக இருக்கலாம். வற்றிக்கொண்டிருக்கும் குளத்தின் ஓரமாகவும் இருக்கலாம்.

நீர் குறையும்போது அதில் கலந்துள்ள அழுக்கின் அடர்த்தி கூடுகிறது. தாகத்தால் மாடு, ஆடு, நாய், எலி எல்லாம் அந்த ஓரிடத்தையே நாடி வருகின்றன. அவற்றின் சிறுநீரும் சாணமும் அங்கேயே சேர்கின்றன. எலிச் சிறுநீர் நோயை (லெப்டோஸ்பைரோசிஸ்) உண்டாக்கும் கிருமி காய்ந்த மண்ணில் விரைவில் இறந்துவிடும். ஈரமான, வெதுவெதுப்பான மண்ணில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வறட்சி சுற்றியுள்ள நிலத்தில் இந்தக் கிருமியைக் குறைத்தாலும், எஞ்சிய ஈரமான இடங்களை அதன் புகலிடமாக்கிவிடுகிறது.

நடந்தவை

*நெவாடா, 2012.* அமெரிக்காவின் மிக வறண்ட மாநிலமான நெவாடாவில், அக்டோபர் மாதம் ஒரு கால்நடைப் பண்ணையில் நெடுந்தூரத் தடை தாண்டும் போட்டி நடந்தது. போட்டிக்குப் பின் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி விசாரித்தபோது 22 பேர் பாதிக்கப்பட்டது தெரிய வந்தது. காரணம் கம்பைலோபெக்டர் என்னும் குடல் கிருமி. கால்நடைச் சாணம் கலந்த சேற்று நீரைத் தவறுதலாக விழுங்கியதே நோய்க்கு வழியானது. சேற்றில் முகம் குப்புற விழுந்தால் ஒரு மிடறு நீர் உள்ளே போவது இயல்புதான்.

*சபா, 2000.* செகாமா ஆறு வழியாகச் சென்ற பன்னாட்டுச் சாகசப் போட்டியில் 304 வீரர்கள் கலந்துகொண்டனர். பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிச் சிறுநீர் நோயின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் நல்ல உடல்கட்டு உள்ள விளையாட்டாளர்கள். உடல் வலிமை இந்தக் கிருமியைத் தடுப்பதில்லை.

*பகாங், 2010.* மாரான் மாவட்டத்தின் லுபோக் யூ பொழுதுபோக்கு வனத்தில் நீரில் மூழ்கிய இளைஞரைத் தேடும் பணியில் 153 பேர் ஈடுபட்டனர். அவர்களில் 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோய் உறுதியானது. அந்தப் பத்துப் பேரில் நால்வருக்கு எலிச் சிறுநீர் நோயும் சேர்ந்திருந்தது. இச்சம்பவத்தில் மொத்தம் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் உதவிக்கு வந்த கிராமவாசிகள். பலருக்கு நீரிழிவு இருந்தது.

மண்ணிலேயே வாழும் கிருமி

மெலியோய்டோசிஸ் கிருமிக்கு எலியோ மாடோ தேவையில்லை. அது நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. தோலில் உள்ள வெட்டு, கீறல், பித்தவெடிப்பு வழியாகவும், சேற்று நீரை விழுங்கும்போதும், நீர்த்துளிகளைச் சுவாசிக்கும்போதும் உடலுக்குள் நுழைகிறது. நுரையீரல் அழற்சியையும் இரத்தத்தில் கிருமித் தொற்றையும் உண்டாக்கும். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை நடத்தப்பட்ட ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 16 பேருக்கு இந்நோய் கண்டிருந்தது. நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவர் இறந்தார்.

நலமாக உள்ள பெரும்பாலோருக்கு இக்கிருமி தொல்லை தருவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

ஒரு குடும்ப தினத்தை நினைத்துப் பாருங்கள். கயிறு இழுக்க ஓர் ஆள் குறைகிறது. “அங்கிள், நீங்களும் வாங்க!” என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது அங்கிள், காலில் வெடிப்போடு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறார். அவருக்கு நீண்ட நாள் நீரிழிவு உண்டு. அந்தத் திடலில் அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். அவரைத்தான் யாரும் தடுப்பதில்லை.

எந்த இடம் வேண்டாம், எந்த இடம் ஏற்கலாம்?

- கால்நடைகள் இறங்கும் குட்டை: வேண்டாம். குளம்புத் தடமோ சாணமோ தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.
- கால்வாய், சாக்கடை ஓரம்: வேண்டாம். துர்நாற்றம் இல்லாததால் மட்டும் நீர் சுத்தம் என்று எண்ணாதீர்கள்.
- பழைய ஈயக்குட்டை, வற்றிய ஏரி அல்லது அணையின் ஓரம்: வேண்டாம். மேலே காய்ந்து உறுதியாகத் தெரியும். கீழே இடுப்பளவு சேறு இருக்கலாம். கால் புதைந்தவரைக் காப்பாற்றப் போனவரும் புதைந்து போவதுண்டு.
- அறுவடை முடிந்த நெல்வயல்: கவனம் தேவை. எலிகள் நடமாடும் இடம் இது. பூச்சிமருந்து அடித்த நிலமாகவும் இருக்கலாம். நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறுங்கள். கடைசியாக எப்போது, என்ன மருந்து அடிக்கப்பட்டது என்று கேளுங்கள். எலி வளைகள் மிகுந்திருந்தால் தவிர்த்துவிடுங்கள்.
- ஏற்பாட்டாளரே உருவாக்கும் சேற்றுத் திடல்: இவற்றுள் இதுவே மேலானது.

சேற்றைத் தேட வேண்டாம், உருவாக்குங்கள்

வறண்ட வட்டாரத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வெயிலில் பல நாட்கள் நன்றாகக் காய்ந்த மண் அங்கு தாராளமாகக் கிடைக்கும். அதனோடு சுத்தமான நீரைச் சேர்த்தால் போதும்.

1. கால்நடை மேயாத, வெள்ளம் ஏறாத, கழிவுத் தொட்டிக்கு அருகில் இல்லாத திடலைத் தேர்ந்தெடுங்கள்.
2. கண்ணாடி, ஆணி, கூர்மையான கல், வேர் ஆகியவற்றை அகற்றுங்கள். பலர் வரிசையாக நடந்து பார்த்தால் எதுவும் தப்பாது.
3. சேற்றின் ஆழம் பிள்ளைகளின் கணுக்கால் அளவோடு நிற்கட்டும். எந்த இடத்திலும் முழங்காலைத் தாண்டக் கூடாது.
4. விளையாட்டு நாளன்று காலையில் குழாய் நீரைப் பாய்ச்சுங்கள். முந்திய நாளே நீர் விட்டு வைத்தால் இரவில் எலிகளும் நாய்களும் வந்து போகும்.
5. வட்டாரத்தில் நீர்ப் பங்கீடு நடப்பில் இருந்தால் நிகழ்ச்சியைத் தள்ளி வையுங்கள்.
6. முடிந்தவுடன் நீரை வடியவிட்டுக் குழியை மூடுங்கள். தேங்கிய நீர் கொசுக்களுக்கு வீடாகிவிடும்.

சுத்தமான நீர் எலிச் சிறுநீர் நோய், வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். மண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியை அது நீக்காது. ஆகவே அடுத்த பகுதியை எல்லா இடங்களிலும் பின்பற்ற வேண்டும்.

யார் சேற்றில் இறங்கக் கூடாது?

- நீரிழிவு உள்ளவர்கள்
- நாட்பட்ட சிறுநீரக, கல்லீரல், நுரையீரல் நோய் உள்ளவர்கள்
- தலசீமியா நோயாளிகள்
- புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள்
- அதிகமாக மது அருந்துபவர்கள்
- கர்ப்பிணிகள்
- உடலில் ஆறாத புண், வெட்டு, பித்தவெடிப்பு உள்ளவர்கள்

இதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். எல்லோர் முன்னிலும் “உங்களுக்கு இனிப்பு நீர் உண்டா?” என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். நடுவர், புள்ளிக் கணக்கர், நேரம் பார்ப்பவர், புகைப்படம் எடுப்பவர் ஆகிய பொறுப்புகளை முன்கூட்டியே அவர்களுக்காக ஒதுக்கி வையுங்கள். யாரும் விடுபட்டதாக உணர மாட்டார்கள்.

விளையாட்டு நாளில்

*இறங்கும் முன்:* கயிறு கட்டிய பழைய காலணியும் காலுறையும் அணியுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் ஆகிவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள்.

*விளையாடும்போது:* வெயில் ஏறும் முன், காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். சுமார் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துங்கள்; அதற்கு முன் கையையும் வாயையும் சுத்தமான நீரால் கழுவுங்கள். சேற்றை முகத்தில் வீசும் ஆட்டமும் தலைகுப்புறப் பாயும் ஆட்டமும் வேண்டாம். காயம் பட்டவர் உடனே வெளியேறி, சோப்புப் போட்டுக் கழுவி, காயத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்று அவர் மீண்டும் இறங்கக் கூடாது.

யாராவது குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

*முடிந்தவுடன்:* வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். திடலிலேயே சோப்போடு குளிக்க வசதி செய்யுங்கள். நகக்கண், விரலிடுக்கு, காதுமடல் ஆகியவற்றைக் கவனியுங்கள். குளித்த பிறகே உணவு.

அடுத்த 30 நாட்கள்

எலிச் சிறுநீர் நோயின் அறிகுறிகள் 2 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும். மெலியோய்டோசிஸ் பொதுவாக 1 முதல் 21 நாட்களுக்குள் தெரியும். சிலருக்கு வெகு காலம் கழித்தும் வரலாம். அதற்குள் சேற்று விளையாட்டு மறந்து போயிருக்கும். காய்ச்சலோடு கிளினிக்கிற்குச் செல்பவர், டிங்கியாக இருக்கும் என்றே நினைப்பார்.

பின்வருவன இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்:

- காய்ச்சல், குளிர் நடுக்கம்
- கடும் தலைவலி, கெண்டைக்கால் தசைவலி
- கண் சிவத்தல் அல்லது மஞ்சளாதல்
- இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்
- ஆறாத புண், சீழ்க்கட்டி
- சிறுநீர் குறைதல், வயிற்றுப்போக்கு

மருத்துவரிடம் “இத்தனை நாட்களுக்கு முன் நான் சேற்றில் இறங்கினேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். இரு நோய்களுக்கும் மருந்து உண்டு; சீக்கிரம் தொடங்கினால் உயிரைக் காப்பாற்றலாம். மெலியோய்டோசிஸ் நோய்க்குத் தனி வகை மருந்துகள் தேவைப்படுவதால், இந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய உதவி. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை நீங்களாக உட்கொள்ளாதீர்கள்.

ஏற்பாட்டாளர்கள் கலந்துகொண்டவர்களின் தொலைபேசி எண்களை 30 நாட்களுக்காவது வைத்திருங்கள். ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர்களுக்குத் தெரிவிக்க அது உதவும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் கூறுங்கள். எலிச் சிறுநீர் நோய் 2010 டிசம்பர் முதல் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

நினைவில் கொள்க

✔ காயாத சேற்றைக் கண்டால், ஏன் காயவில்லை என்று கேளுங்கள்.
✔ காய்ந்த மண்ணில் சுத்தமான நீரைச் சேர்த்து நீங்களே சேற்றை உருவாக்குங்கள்.
✔ நீரிழிவும் புண்ணும் உள்ளவர்களுக்குத் திடலுக்கு வெளியே பொறுப்புக் கொடுங்கள்.
✔ 30 நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சேற்றில் புரண்டு மகிழட்டும். மாலையில் குளித்துவிட்டு, எல்லோரும் நலமாக வீடு திரும்புங்கள்.