மலிவாகக் கிடைக்கும் பென்ஸ்

"பென்ஸ் கார் பழுதாகாது" என்பது எங்கள் வாப்பாமார் காலத்துப் பேச்சு. அந்தப் பேச்சு பொய்யல்ல. ஆனால் அது எந்தக் காரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

1976 முதல் சுமார் பத்தாண்டுகள் ஜேர்மனியில் தயாரான டபிள்யூ 123 என்ற ரகமே அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது. ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் தயாராயின. ஜேர்மன் டாக்சிக்காரர்கள் நம்பி ஓட்டிய வாகனம் அது. கிரேக்க நாட்டு டாக்சிச் சாரதி ஒருவர், அதற்கு முந்திய ரகத்தைச் சேர்ந்த, 1976ஆம் ஆண்டுத் தயாரிப்பான 240 டீ காரொன்றை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004இல் கம்பனியின் நூதனசாலைக்கே கொடுத்துவிட்டார். கேட்போர் மூக்கில் விரலை வைப்பார்கள். அவர் அந்தக் காரின் என்ஜினைப் பலமுறை கழற்றி மாற்றினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

அது எளிமையான கார். நிதானமாக ஓடும் டீசல் என்ஜின். சாதாரண மெக்கானிக் ஒருவரின் கைக்கு அடங்கும் வேலை. பின்னால் வந்த சொகுசுக் கார்கள் அப்படியல்ல. 1990களின் முற்பகுதியில் வந்த பல பென்ஸ் கார்களில், என்ஜின் வயர்களின் உறை சூட்டினால் பொடிந்துபோனது. 1998இல் அறிமுகமான எஸ் கிளாஸில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்தார்கள். பஞ்சணையில் போவது போன்ற சுகம்தான். றப்பர் பழசாகிக் காற்றுக் கசிந்தாலோ, காலையில் பார்க்கும்போது கார் தரையோடு குந்திக்கொண்டிருக்கும். 2005 மார்ச்சில் பிரேக், மின்சாரக் கோளாறுகளுக்காக 13 இலட்சம் கார்களைக் கம்பனி திருப்பியழைக்க நேர்ந்தது.

பீ.எம்.டபிள்யூவும் விதிவிலக்கல்ல. 2007இல் வந்த என் 47 டீசல் என்ஜினில் டைமிங் செயின் கியர்பொக்ஸ் பக்கமாக அமைந்துள்ளது. அது அறுந்தால் என்ஜினே சேதமாகும். மாற்றுவதென்றால் என்ஜினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேண்டும். செயினின் விலையை விடக் கூலிதான் ஆளை விழுங்கும்.

அப்படியானால் ஜேர்மனியர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அங்கே டூஃப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கொருமுறை. அதில் தேறாத கார் வீதியில் ஓட முடியாது. சேர்விஸ் புத்தகத்தில் ஒழுங்காக முத்திரை விழுந்த காருக்கே அங்கு மதிப்பு.

சகோதரிகளே, இதில் உங்களுக்கும் ஒரு பங்குண்டு. "பத்து வருடப் பென்ஸ், புது ஜப்பான் காரை விட மலிவு" என்று கணவரோ மகனோ உங்கள் நகையைக் கேட்டு வரக்கூடும். காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. கோடீஸ்வரருக்காகச் செய்த காரை நடுத்தரக் குடும்பம் வாங்கினாலும், கராஜில் வரும் பில் கோடீஸ்வரருக்கு உரியதுதான். நகை விற்ற காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால், முதல் பழுதுக்கு எதை விற்பது?

வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் சேர்விஸ் புத்தகத்தைக் கேளுங்கள். கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்றப்பட்டதா என்றும் விசாரியுங்கள். "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று விற்பவர் சொல்வார். பீ.எம்.டபிள்யூவுக்கு கியர்பொக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப் கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. புத்தகம் தொலைந்துவிட்டது என்றால், மீற்றர் காட்டும் கணக்கையும் நம்பாதீர்கள். மீற்றரைக் குறைத்துவைப்பதை ஜேர்மனியிலேயே 2005இல் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டியிருந்தது.