புள்ளிகள் உயர்ந்தும் நகராத 9-ஆவது இடம்: ஈஸ்ட் பெங்கால் தடுமாறியது ஏன்?

கொல்கத்தாவின் நூற்றாண்டு கண்ட கால்பந்து கழகமான ஈஸ்ட் பெங்கால், 2020-ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) போட்டியில் இணைந்தது. தேசிய கால்பந்து லீக் பட்டத்தை 3 முறையும், 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையையும் வென்ற கழகம் இது. ஆனால், ஐஎஸ்எல்-லில் அதன் முதல் 5 சீசன்களில் ஒருமுறைகூட பிளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை. நான்கு முறை 9-ஆவது இடமும், 2021-22 சீசனில் கடைசி இடமுமே கிடைத்தன.

தாமதமான தொடக்கம்

முதல் காரணம், நிர்வாகத்தில் நிலவிய உறுதியின்மை. 2020-இல் அக்கழகத்தின் ஐஎஸ்எல் நுழைவு செப்டம்பர் இறுதியில்தான் உறுதியானது. நவம்பரில் போட்டி தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, கழகத்துக்கும் முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தச் சிக்கல் நீடித்தது. 2022 ஆகஸ்டில் இமாமி நிறுவனம் பொறுப்பேற்றது. மற்ற அணிகள் வீரர்களை ஒப்பந்தம் செய்து முடித்த பின்னரே ஈஸ்ட் பெங்கால் அணியைக் கட்டமைக்கும் நிலை ஏற்பட்டது. பயிற்சியாளர்களும் அடுத்தடுத்து மாறினர்.

உயர்ந்துகொண்டே சென்ற இலக்கு

நிலைமை படிப்படியாக மேம்பட்டதைப் புள்ளிகள் காட்டுகின்றன. 2021-22-இல் 11 புள்ளிகள் பெற்ற அணி, அடுத்த 3 சீசன்களில் முறையே 19, 24, 28 புள்ளிகளைப் பெற்றது. ஆட்டங்களின் எண்ணிக்கை 20-லிருந்து 24-ஆக உயர்ந்ததைக் கருத்தில் கொண்டாலும், இது முன்னேற்றமே.

எனினும், போட்டி அதைவிட வேகமாகக் கடினமானது. 2023-24-இல் 27 புள்ளிகளுடன் சென்னையின் எஃப்சி 6-ஆவது இடத்தைப் பிடித்து பிளே-ஆஃப் சுற்றுக்குச் சென்றது. அடுத்த சீசனில் அதே இடத்தைப் பிடிக்க மும்பை சிட்டிக்கு 36 புள்ளிகள் தேவைப்பட்டன. ஈஸ்ட் பெங்காலுக்கும் 6-ஆவது இடத்துக்கும் இடையிலான இடைவெளி 3 புள்ளிகளிலிருந்து 8-ஆக விரிந்தது. 2024-25-இல் முதல் 6 ஆட்டங்களிலும் தோற்றதே அதற்கு முக்கியக் காரணம்.

கோப்பையில் கிடைத்த ஆறுதல்

2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் நடைபெற்ற சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒடிசா எஃப்சி அணியை 3-2 என வீழ்த்தி, 12 ஆண்டுகளுக்குப் பின் தேசிய அளவிலான கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றது. சில ஆட்டங்களில் முடிந்துவிடும் கோப்பைப் போட்டியில் ஒரு வார எழுச்சி போதும். பல மாதங்கள் நீளும் லீக் போட்டிக்கு நிலைத்தன்மை வேண்டும் என்பதையே இந்த முரண் உணர்த்துகிறது.

பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து புலம்பெயர்ந்தோரின் அடையாளமாக விளங்கும் கழகம் இது. அதே காலகட்டத்தில், பரம எதிரியான மோகன் பகான் தொடர்ந்து இருமுறை லீக் கேடயத்தை வென்றது ரசிகர்களின் வேதனையைக் கூட்டியது. ஐஎஸ்எல்-லில் அந்த 5 சீசன்களிலும் தரமிறக்கம் இல்லாததால், கடைசி இடம் பிடித்தபோதும் ஈஸ்ட் பெங்கால் வெளியேற நேரவில்லை. பழம்பெருமை ரசிகர்களை மைதானத்துக்கு அழைத்து வரும். புள்ளிகளைப் பெற்றுத் தருவது உரிய காலத்தில் செய்யப்படும் திட்டமிடலே.