முத்து மாலைக்கு ஸ்பிரிட் பூசலாமா? மன்னார்க் கடல் தரும் ஆச்சரியங்கள்!

தாலிக்கொடியின் கண்ணிகளுக்குள்ளும் தோட்டுச் சுரையிலும் மோதிரக் கல்லின் அடியிலும் அப்பிக் கிடக்கிறதே ஒரு கறுப்புப் பிசுக்கு, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பங்கு நம் தோலில் ஊறும் எண்ணெய்தான்! அதன்மேல் பவுடர் ஒட்டும், சவர்க்காரம் ஒட்டும், தூசி ஒட்டும். மன்னார்த் தீவில் இருப்பவர்களுக்குக் கடற்காற்றின் உப்பும் இலவசம். தங்கம் கறுக்கவில்லை, அழுக்குப் போர்வை போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண்ணெயைக் கரைக்கும் வித்தை பார்மசியில் விற்கும் ஐசோபுரோபைல் அல்ககோல் என்ற ஸ்பிரிட்டுக்குத் தெரியும். சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் நகை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, மெத்தென்ற பல்துலக்கியால் சுரையின் புரியிலும் கல்லின் பின்புறத்திலும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தெளிவாக இருந்த திரவம் கலங்கிவிடும்! பிறகு ஒரு பாத்திரத்து நீரில் அலசிப் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். குழாயடியில் அலசாதீர்கள். சுரை ஓட்டைக்குள் போனால் போனதுதான்.

22 கரட் தங்கத்துக்கும் வைரத்துக்கும் இது பாதுகாப்பான வழி. பற்பசை அப்படியல்ல. அதிலுள்ள தேய்ப்புத் துகள்கள் மென்மையான தங்கத்தில் கீறல் போடும். வாசலில் வந்து "நகை மினுக்கித் தாறன்" என்று கேட்பவரிடம் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பது அதைவிட ஆபத்து. அவர் போத்தலில் இராஜதிராவகம் இருந்தால், தங்கமே கொஞ்சம் கரைந்து அவருடைய பாத்திரத்தில் தங்கிவிடும். நகை பளபளவென்று திரும்பும், எடை குறைந்து!

இன்னொன்று தெரியுமா? தூய ஐசோபுரோபைல் அல்ககோலின் ஆவி ஏறக்குறைய 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். மன்னார் வெயிலுக்கு 12 பாகை எந்த மூலைக்கு! ஆகவே நம் ஊர் வீட்டில் அந்தப் போத்தலைத் திறந்த நொடியிலிருந்தே அது தீக்குத் தயார். அடுப்பு, சாமி விளக்கு, மெழுகுவர்த்தி, நுளம்புச் சுருள் எல்லாவற்றுக்கும் எட்ட, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

போத்தலின் லேபிளையும் படியுங்கள். பிரித்தானிய மருந்து முறைப்படி செய்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்திருக்கும். எண்ணெய் போக்கப் போய் எண்ணெய் பூசிய கதையாகிவிடும்! வெள்ளிக் கொலுசு கறுத்திருந்தால் ஸ்பிரிட் உதவாது. அது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டான படலம், எண்ணெய் அல்ல.

இனித்தான் பெரிய ஆச்சரியம். மன்னாரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன நகைப்பொருள் முத்து. அந்த முத்தின்மேல் மட்டும் இந்த ஸ்பிரிட் ஒரு துளியும் படக் கூடாது!

மன்னார் வளைகுடா முத்து பிறந்து வெளிவரப் பட்ட பாட்டைக் கேட்டால் இதை நம்பவே மாட்டீர்கள். அந்நாளில் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சடக்கி, சிப்பிகள் கிடக்கும் கடலடிப் பாருக்கு இறங்குவார்கள் குளியாட்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' ஒருவர் இருப்பார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இப்படிப்பட்ட மந்திரக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குக் கூலியாம்! பிரித்தானியர் காலத்திலும் கடல்கட்டிக்கு அரசே கூலி கொடுத்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காகவே அரிப்பு என்ற ஊரில் ஒரு மாளிகை கட்டினார். கடலரிப்பில் பாதி போய், 'டொரிக்' என்ற பெயரோடு அதன் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் லெனார்ட் வூல்ஃபும், திருமணத்துக்கு முன், 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் வேலை பார்த்தவர்தான்.

கரைக்கு வந்த சிப்பிகளை என்ன செய்தார்கள் தெரியுமா? வெயிலில் அழுகவிட்டார்கள்! நாட்கணக்கில் கிடந்து, ஈ மொய்த்து, புழு தின்று, ஊரே மூக்கைப் பொத்தும் நாற்றம் எழுந்த பிறகு கழுவி அரித்து எடுப்பார்கள். அடுத்து பித்தளைச் சல்லடைகள். 20 துளை உள்ளதில் தங்குவது பெரிய முத்து. அப்படியே இறங்கி இறங்கி, 1000 துளை உள்ளதில் தங்குவது பொடி முத்து. மெருகேற்ற முத்தையே அரைத்த தூள் பயன்பட்டது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் இருந்த ரொபர்ட் பெர்சிவல் எழுதுகிறார். மங்கிய முத்தைத் தானியத்தோடு கோழிக்குப் போட்டு, ஒரு நிமிடத்தில் அதன் இரைப்பையைக் கிழித்து எடுத்தால் பளபளக்கும் என்றுகூடப் பழைய ஆங்கில நூல்களில் ஒரு கதை உண்டு. கோழி பாவம்!

இத்தனை அழுகலையும் புழுவையும் தாங்கிய முத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஏனென்றால் முத்து கல்லே அல்ல. ஓர் உயிர் சுரந்து சுரந்து கட்டியது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காக, ஓட்டுக் கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்று. அவற்றை ஒட்டி வைத்திருப்பது கொங்கியோலின் என்ற புரதம். கூடவே 2 முதல் 4 சதவீதம் நீர். அந்த மெல்லிய தகடுகளில் ஒளி பட்டுத் தெறித்து ஒன்றோடொன்று குறுக்கிடுவதுதான் முத்தின் வானவில் மினுக்கம். அல்ககோல் அந்த ஈரத்தை உறிஞ்சிப் புரதத்தை வறட்டும். மினுக்கம் மங்கும், நாளடைவில் வெடிப்பும் வரலாம். வினாகிரியும் எலுமிச்சையும் இன்னும் மோசம், அமிலம் சுண்ணத்தையே கரைக்கும். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது, அதனால்தான் கடலுக்கடியில் முத்துக்குக் கேடில்லை. நம் கழுத்து வியர்வையோ பெரும்பாலும் இலேசான அமிலம்!

சென்ட்டிலும் கை சுத்திகரிப்பானிலும் பெரும்பங்கு அல்ககோல்தான். ஆகவே கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது சென்ட், பவுடர், தலைமயிர் ஸ்பிரே எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே முத்து மாலை. வீடு திரும்பியதும் முதலில் கழற்றுவது அதைத்தான். இலேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, விரித்துப் போட்டுக் காயவிடுங்கள். நீரில் ஊறப்போட்டால் பட்டு நூல் தளரும். காயும்வரை தொங்கவிடவும் வேண்டாம்.

பவளம், அம்பர், ஓப்பல், எண்ணெய் ஊட்டிய மரகதம், பசை வைத்து ஒட்டிய கல் ஆகியவையும் இதே கட்சி. இவற்றுக்கும் ஸ்பிரிட் ஆகாது.

நகைப்பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் தொடக்கூடாதவற்றை இன்றே தனித் துணிப்பையில் பிரித்து வையுங்கள். எது முத்து, எது பிளாஸ்ரிக் என்று சந்தேகமிருந்தால் ஊரிலுள்ள நம்பிக்கையான பத்தரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போத்தலைத் திறவுங்கள்.