அக்யூட், க்ரானிக்: மருத்துவச் சீட்டில் வரும் ஆங்கிலச் சொற்கள்

அக்யூட், க்ரானிக் ஆகிய இரண்டும் நோயின் காலப்போக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். திடீரெனத் தொடங்கிக் குறுகிய காலமே இருப்பது அக்யூட். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பது க்ரானிக். நோய் பெரிதா சிறிதா என்பதை இச்சொற்கள் தம்மளவில் சொல்வதில்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் சுமை ஏற்றி இறக்கும் என் பழைய மாணவர் ஒருவர், தன் தந்தையின் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். நுரையீரல் நோயின் பெயருக்கு முன்னால் க்ரானிக் என்று இருந்தது. "முத்திப்போச்சுன்னு அர்த்தமா சார்? இனிமே மருந்து வாங்கி என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். அவருடைய மகளின் சீட்டில் இருந்த அக்யூட் என்ற சொல்லை அவர் பொருட்படுத்தவே இல்லை. கணக்குப் பாடத்தில் அக்யூட் ஆங்கிள் என்றால் குறுங்கோணம். ஆகவே அக்யூட் என்றால் சின்னது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடத்தை நடத்தியவன் நான்தான் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அக்யூட் என்பதன் வேர், கூர்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். முனை கூராக இருப்பதால் அது அக்யூட் ஆங்கிள்; நாம்தான் அளவைப் பார்த்துக் குறுங்கோணம் என்றோம். க்ரானிக் என்பதன் வேர் காலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். நாள்பட்ட நோய் என்ற நம் வழக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. அக்யூட் என்பதற்குக் கடுமையான, தீவிரமான என்று எழுதுவதில்தான் சிக்கல். அப்படி எழுதினால் நாள்பட்டது கடுமையற்றது என்று ஆகிவிடுகிறது. சீன மொழியில் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் அக்யூட்டை ஜீஷிங் என்றும் க்ரானிக்கை மான்ஷிங் என்றும் சொல்கிறார்கள்; முன்னதன் முதல் எழுத்துக்கு அவசரம் என்றும் பின்னதன் முதல் எழுத்துக்கு மெதுவான என்றும் பொருள். ஆங்கிலம் படிக்கும் சீன மாணவருக்குக் காலவேறுபாடு தாய்மொழியிலேயே கிடைத்துவிடுகிறது. நாமும் திடீர் நோய், நாள்பட்ட நோய் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க அயலூர் உதாரணம் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறலும் கண் எரிச்சலுமாக மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே இரவில் நேர்ந்த அந்தப் பாதிப்பு அக்யூட். அனல்மின் நிலையச் சாம்பலையும் லாரிப் புழுதியையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வருவது க்ரானிக். இரண்டில் எதையும் சின்னது என்று சொல்ல முடியாது. நாள்பட்ட நோய் உள்ளவருக்கே திடீரென்று நிலைமை மோசமாவதும் உண்டு. அதை மருத்துவர்கள் அக்யூட் ஆன் க்ரானிக் என்று எழுதுவார்கள்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு இரண்டும் க்ரானிக் வகை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். க்ரானிக் என்று எழுதியிருந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று படிக்க வேண்டும். என் மாணவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

விடாத தொல்லைக்கு இன்னும் மூன்று சொற்கள் உண்டு. விடாமல் இருப்பது பெர்சிஸ்டன்ட். விட்டுவிட்டு வருவது இன்டர்மிட்டன்ட். குணமான பிறகு மீண்டும் மீண்டும் வருவது ரிகரன்ட். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் பெர்சிஸ்டன்ட் காஃப். அதற்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆகவே எத்தனை நாளாக என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். நம்மவர்கள் 'சின்ஸ் டூ டேஸ்' என்பார்கள். இரண்டு நாளாக என்று கால அளவைச் சொன்னால் ஃபார். திங்கட்கிழமையிலிருந்து என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ். 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்பதே சரியான வாக்கியம்.

வலியைச் சொல்வதில் தமிழ் வளமானது. விண்விண் என்று தெறிப்பது த்ராபிங், சுருக்கென்று குத்துவது ஸ்டேபிங், எரிவது பர்னிங். மந்தமாக நீடிக்கும் வலி ஏக்; தலை, பல், வயிறு, முதுகு ஆகியவற்றோடு அது சேர்ந்து வரும். தொண்டை வலிக்கு மட்டும் சோர் த்ரோட் என்பதே வழக்கு. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல் மருத்துவருக்கு உதவும் என்பதால், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் இத்தகைய சொற்களை வகைப்படுத்தி 1975-இல் ஒரு வினாப்பட்டியலாகவே வெளியிட்டார்.

சோதனை முடிவில் வரும் பாசிட்டிவ் என்பதையும் கவனியுங்கள். தேடிய கிருமியோ குறியோ இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நல்ல செய்தி என்று நினைத்து இனிப்பு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இச்சொற்கள் நோய்க்கு வெளியிலும் வரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை நாளிதழ்கள் அக்யூட் வாட்டர் ஷார்ட்டேஜ் என்று எழுதின. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்பதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதைத் திருவொற்றியூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.