கனவு நகரத்துக் கோடுகள்

நாவலுக்குச் சித்திரம் தீட்டுகிறவர் கதையில் நிகழ்ந்த சம்பவத்தையே கோடுகளால் மறுபடி சொன்னால் போதும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் பாத்திரங்களின் செயலைக் காட்டிலும் அவர்கள் மனத்தின் அடியில் உறையும் பயத்தையே பொருளாகக் கொண்ட நாவல்களுக்கு அம்முறை உதவாது என்பதை, அடிமனத்தையே கலையாக்க முனைந்த ஸர்ரியலிஸ இயக்கம் 1924-இல் பாரிஸில் பிரகடனம் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, ஆஸ்திரிய ஓவியர் ஆல்பிரட் கூபின், 1909-இல் 52 சித்திரங்களுடன் வெளிவந்த ‘மறுபக்கம்’ என்ற தமது ஜெர்மன் நாவலில் காட்டிவிட்டார்.

1907-இல் தந்தையை இழந்த துயரத்தில் வரையக் கை எழாமற்போனதால் எழுத்தைப் பற்றிக்கொண்ட கூபின், 12 வாரங்களில் நாவலை முடித்தார். முடித்ததும் கை மீண்டும் இசைந்தது. பட்டேரா என்னும் பெருஞ்செல்வன் மத்திய ஆசியாவில் ஸ்தாபித்த கனவு ராஜ்யமே கதைக்களம். அதன் தலைநகரான பெர்லேயில், ஐரோப்பாவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த பழைய வீடுகளே நிற்கின்றன. சூரியனோ நட்சத்திரங்களோ அங்கே தென்படுவதில்லை. முடிவில் நகரமும் அதன் ஜனங்களும் இற்று அழிகிறார்கள்.

சூரியனற்ற ஊரை வரைவது எப்படி? முன்னாளில் மையைக் கரைத்தும் தெளித்தும் கோர உருவங்களைத் தீட்டிய கூபின், இங்கே பேனாவையே பெரிதும் நம்பி, நெருக்கமான குறுக்குக் கோடுகளைச் சுவர், வானம், மனித உடை என்ற பேதமின்றிப் படரவிட்டார். ஒரே நூலால் நெய்த துணியைப்போல மனிதனும் சுவரும் ஒன்றாகத் தோன்றுவதால், அவன் எங்கே முடிகிறான், அவனைச் சூழ்ந்த இருள் எங்கே தொடங்குகிறது என்று நிச்சயிக்க முடியாமல் நம் கண் தத்தளிக்கிறது; ‘நான்’ என்னும் பிரக்ஞை கரைந்துபோகும் அந்தப் பீதியை, விகார முகங்களைவிட இந்தத் தத்தளிப்பே மிகுதியாக உணர்த்துகிறது என்பது என் துணிபு.

இச்சித்திரங்களில் சில, உண்மையில், பிராகு நகரத்து யூதர் தெருக்களைக் களமாகக் கொண்ட, எழுத்தாளர் குஸ்டாவ் மைரிங்கின் ‘கோலெம்’ நாவலுக்கென்று வரையப்பட்டவை. அவர் எழுத்து தாமதப்படவே, கூபின் அவற்றைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தெருக்களுக்காகப் பிறந்த படம் பெர்லேக்கும் பொருந்தியதென்றால், அது சித்திரித்தது இரண்டு ஊர்களுக்கும் பொதுவாயிருந்த அச்சத்தையே அல்லவா? 1915-இல் நூலாக வந்த ‘கோலெ’முக்கு ஓவியர் ஹூகோ ஸ்டைனர்-பிராக் தம் கல்லச்சுச் சித்திரங்களை அளித்தார்; அவரும் இருளையே பிரதான பாத்திரமாக்கினார்.