கம்பத்தில் ஏறுவது யார்?

கடலோரத்தில் மின்கம்பிக்கு ஆயுள் குறைவு. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டு, நரம்பை போன்ற மீனவ ஊர்களில் உப்புக்காற்று கம்பியையும் இரும்பையும் ஓயாமல் அரிக்கிறது. இன்சுலேட்டரில் உப்பு படியும். விடியற்காலையில் பனி இறங்கியதும் லைன் ட்ரிப் ஆகும். மேற்கே பாகூர் ஏரிப் பக்கம் நெல்லும் கரும்பும் போர்வெல் மோட்டாரை நம்பியிருக்கின்றன. கரண்ட் போனால் இரு தரப்பும் எதிர்பார்ப்பது லைன்மேனைத்தான்.

அந்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் துணைமின் நிலையத்தில் ‘லைன் கிளியர்’ என்ற வேலை அனுமதியை வாங்க வேண்டும். ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் ராடு மாட்டிய பிறகே மேலே ஏறலாம். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலும் போதும், அணைந்த கம்பியில் மின்சாரம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் மேலே ஒருவர் வேலை செய்யும்போது கீழே இன்னொருவர் கண்காணித்து நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் காணாமல் போவது கீழே நிற்கும் அந்த ஆள்தான்.

இந்த ஆள் கணக்கைப் பேசாமலேதான் மின் சீர்திருத்தம் புதுச்சேரிக்கு வந்தது.

டெண்டரும் இருட்டும்

யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியார்மயமாகும் என்று 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். புதுச்சேரி மின்துறை, வாரியமோ கழகமோ அல்ல. நேரடி அரசுத் துறை. ஊழியர்கள் அரசு ஊழியர்கள். 2022 செப்டம்பர் இறுதியில் மின் விநியோகத்தின் 100 சதவீதப் பங்கையும் தனியாருக்கு விற்க டெண்டர் வெளியானது. ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல ஊர்கள் இருளில் மூழ்கின. மக்கள் சாலை மறியல் செய்தனர். துணை ராணுவம் வந்தது. முதல்வர் ரங்கசாமியுடன் பேச்சு நடந்த பிறகு, அக்டோபர் 3 அன்று போராட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த நாட்களில் கைக்குழந்தையோடும் நோயாளியோடும் இருட்டில் கிடந்தவர்களின் வேதனையைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. ஆனால் ஊழியர்களின் அச்சமும் வெறும் சம்பளப் பேச்சல்ல. ஊழியர்கள் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்படும்போது பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 133வது பிரிவு சொல்கிறது. ஆனால் பென்ஷனுக்கு யார் பொறுப்பு, பதவி உயர்வு என்னவாகும், காலியிடத்தில் நிரந்தர ஆள் வருவாரா, ஒப்பந்த ஆள் வருவாரா? இவற்றுக்கு அவர்கள் கேட்பது எழுத்துப்பூர்வமான பதில்.

வெளியூர்ப் பாடங்கள்

டெல்லியில் 2002இல் விநியோகம் தனியார் கைக்குப் போனபின் மின் இழப்பு பெருமளவு குறைந்தது, மறுக்க முடியாது. ஆனால் விருப்ப ஓய்வில் போனவர்களின் ஓய்வுக்காலப் பலன்களை யார் தருவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஒடிசா நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1999இல் அங்கே மத்தியப் பகுதி விநியோகத்தை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் ஏற்றது. அதே ஆண்டில் சூப்பர் புயல் அடித்தது. 2001இல் நிறுவனம் கிளம்பிவிட்டது. கம்பங்களும் ஊழியர்களும் மக்களும் அங்கேயேதான் இருந்தார்கள்.

நாமும் புயல் பாதையில் இருப்பவர்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் இந்தக் கரையைத் தாக்கின. ஃபெஞ்சலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கிராமங்களுக்குள் புகுந்தது. புயலுக்கு மறுநாள் எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்த வரப்பு வழியாகப் போகலாம் என்பது அங்கேயே வருடக்கணக்கில் வேலை செய்தவருக்குத் தெரியும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வருபவர் அதைக் கற்பதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

ஆகவே, உரிமையாளர் அரசா தனியாரா என்பதோடு விவாதம் முடியக் கூடாது. ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்பதை அரசு வெளிப்படையாக அறிவிக்கட்டும். களப்பணியிடங்களைப் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்பட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கையுறை, அதே பெல்ட், அதே விபத்து இழப்பீடு கிடைக்கட்டும். இந்த மூன்றையும் செய்ய எந்த டெண்டரும் தேவையில்லை. இவற்றைச் செய்யாமல் எந்தச் சீர்திருத்தமும் பனித்திட்டுக்குத் தடையில்லாத மின்சாரம் தராது.