சுடத் தெரிந்தால் போதுமா?

புது தில்லி: கடற்படைக்கு எத்தனை பீரங்கிகள், என்ன விலை என்பது நாடாளுமன்றத்தில் அவ்வப்போது எழும் கேள்வி. அவற்றைச் சுட உத்தரவிடும் அதிகாரியின் தேர்ச்சி எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று கேட்போர் குறைவு.

கொச்சியிலுள்ள ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாதான் கடற்படையின் பீரங்கி, ஏவுகணைப் பயிற்சிப் பள்ளி. 2023 மார்ச் மாதம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதற்குக் குடியரசுத் தலைவர் கொடியை வழங்கிச் சிறப்பித்தார்.

பீரங்கி அதிகாரியின் பொறுப்பு இலக்கை வீழ்த்துவதுடன் முடிவதில்லை. போர்க்கப்பல்களிலுள்ள 76 மி.மீ. பீரங்கியின் குண்டு 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். அந்தப் பரப்பில் வணிகக் கப்பலோ, மீன்பிடிப் படகோ, விமானமோ இல்லை என்பதை அவர் உறுதி செய்ய வேண்டும். குழலில் குண்டு வெடிக்காமல் தங்கிவிட்டால் பதறாமல் விதிப்படி காத்திருக்க வேண்டும். சிறு ஐயம் எழுந்தாலும் சுடுவதை நிறுத்தும் துணிவு வேண்டும். இவை வகுப்பறைப் பாடத்தால் மட்டும் வருபவை அல்ல. உண்மைக் குண்டுகளுடன் கடலில் மீண்டும் மீண்டும் பயின்றே கைவர வேண்டும்.

கரையோர மக்களுக்கும் இதில் அக்கறை உண்டு. 2022 செப்டம்பரில் கோட்டைக் கொச்சி அருகே கடலில், படகிலிருந்த மீனவர் ஒருவரின் காதில் துப்பாக்கித் தோட்டா பாய்ந்தது. அது தன்னுடையதல்ல என்று கடற்படை மறுத்தது. போலீஸார் விசாரணையில் இறங்கினர். தோட்டா எவருடையதாயினும், பயிற்சித் தளத்தை ஒட்டிய கடலில் பிழைப்பு நடத்துவோரின் அச்சத்தை அச்சம்பவம் வெளிப்படுத்தியது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, 2007-08 முதல் 2015-16 வரை கடற்படைக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் 38 விபத்துகளில் சிக்கியதாகவும், 33 பேர் உயிரிழந்ததாகவும் கூறியது. தீ, வெடிப்பு, மோதல் எனக் காரணங்கள் பல. பாதுகாப்பைக் கவனிக்கக் கடற்படை 2014-இல் அமைத்த தனி அமைப்புக்கு அரசின் ஒப்புதல் அப்போதும் கிட்டவில்லை என்பதையும் அந்த அறிக்கை சுட்டியது.

போர்த் தந்திரங்களைக் கடற்படை ரகசியமாக வைத்திருப்பது நியாயமே. ஆனால், பீரங்கி அதிகாரிகளுக்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வு, தவறியவர் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறாரா என்பவை ரகசியங்கள் அல்ல. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இவற்றை ஆண்டுதோறும் கேட்டுப் பெறலாம். விபத்துக்குப் பின் விசாரிப்பதைவிட, முன்னதாகக் கேட்பது உறுப்பினர்களின் கடமையல்லவா?